வசந்தகால நீர், நாளுக்கு ஒரு படம்: ஒரே ஓடையில் நிற்பதா, இடம் மாறுவதா?

ஓடைக்கரை (ஸ்காபரோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மார்ச் 20 முதல் ஜூன் 20 வரை, நாளுக்கு ஒரு படம் என்ற ஒழுங்கில், வசந்தகால நீரை மட்டும் படமெடுக்கும் திட்டத்தில் சேர விரும்புவதாகச் சிலர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட எல்லோரும் கலந்து பேசுவது நல்லது என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். விதிகள் அதிகம் இல்லை. படம் அந்தந்த நாளிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் மையப்பொருள் நீராகவோ, பனி, பனிக்கட்டி, மூடுபனி, இலைத்துளி என்று நீரின் வேறொரு நிலையாகவோ இருக்க வேண்டும். இவற்றில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. நான் விவாதத்துக்கு வைக்க விரும்புபவை வேறு இரண்டு விடயங்கள்.

முதலாவது, இடம். ரொறன்ரோவைச் சுற்றி நீருக்குக் குறைவே இல்லை. 2015இல் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக நிறுவப்பட்ட ரூஜ் மட்டுமே ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அதற்கப்பால் ஸ்காபரோ பிளஃப்ஸ் என்ற ஏரிக்கரைச் செங்குத்து மேடு, லேக் சிம்கோ என்ற ஏரி, ஹமில்ற்றனின் அருவிகள் என்று காரில் ஏறினால் ஒவ்வொரு நாளும் ஒரு புது இடத்தை அடையலாம். ஆயினும் இந்தத் திட்டத்துக்கு ஓர் ஓடையின் ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நிற்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. நான் ஹைலண்ட் கிரீக்கில், மோர்னிங்சைட் பூங்காவுக்குள் ஒரு வளைவைத் தேர்ந்திருக்கிறேன். மார்ச் கடைசியில் அங்கே கரையோரப் பனிக்கட்டி விளிம்பை விட்டு அகலாமல் இருக்கும். அது உறைந்த காலத்தில் இருந்த நீர்மட்டம் பின்னர் இறங்கிவிட்டதால், ஓட்டுவீட்டுத் தாழ்வாரம் போல நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். முழந்தாளிட்டு அதன் அடியில் பார்த்தால், தொங்கும் பனிக்கூர்கள் நுனியில் கூராக இல்லாமல், கீழிருந்து தெறிக்கும் நீர் பட்டுப் பட்டு உறைந்ததால் பருத்து உருண்டிருப்பதைக் காணலாம். ஒரு வெயில் பகல் கழிந்தால் அந்த உருண்டைகள் மெலிந்துவிடும். இரண்டு பகல் கழிந்தால் பனிக்கூர்களே இரா. இந்த மாற்றம் முதல் நாளும் அதே இடத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். மறுநாள் வேறோர் ஓடைக்குப் போனவருக்கு அது வெறும் பனிக்கட்டிப் படம்.

இரண்டாவது, ஷட்டர் வேகம், அதாவது ஒளி விழும்படி கமராவின் திரை திறந்திருக்கும் நேரம். ஓடும் நீரை இரண்டு மூன்று செக்கன் திறந்து வைத்து வழுவழுப்பான வெண்மையாக மாற்றும் முறை நம் குழுவில் மிகவும் பரவியிருக்கிறது. பனி உருகி மண்ணோடு கலங்கி வரும் மார்ச் மாத நீரையும், மழைக்குப் பின் பெருக்கெடுக்கும் ஏப்ரல் நீரையும், அடிக்கற்கள் தெரியத் தெளிந்து ஓடும் மே மாத நீரையும் அந்த முறையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே படமாக இருக்கும். எந்த நாளில் எடுத்தது என்பதைப் படம் சொல்லாவிட்டால் நாளுக்கு ஒரு படம் எடுப்பதன் பயன் என்ன என்பதே என் கேள்வி.

வெண்ணிழல் (ஹாமில்டன்) எழுதியது:

அண்ணா, உங்கள் முதல் கருத்தோடு பாதி உடன்படுகிறேன், இரண்டாவதோடு மாறுபடுகிறேன். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அந்தரத்தில் நிற்கும் நீர்த்துளியை எந்தக் கண்ணும் நேரில் காண்பதில்லை. 1957இல் ஹெரால்டு எட்ஜர்ட்டன் எடுத்த பால்துளிப் படம் இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம், வெறும் கண்ணால் பார்க்க இயலாத ஒரு கணத்தை மின்னொளி வீச்சின் உதவியால் காட்டியதே. அப்படியிருக்க, வேகமான ஷட்டர் உண்மையைச் சொல்கிறது என்றும் மெதுவான ஷட்டர் அதை மறைக்கிறது என்றும் பிரிப்பது நியாயமாகப் படவில்லை. இரண்டுமே கேமரா காட்டுகிற காட்சிகள்தாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓடையின் வளைவில் நீர் சுழலும் இடத்தில் நுரை மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குறுகிய நேரத்தில் எடுத்தால் அங்கங்கே வெண்புள்ளிகள் மட்டுமே பதியும். எட்டுப் பத்து நொடி திறந்து வைத்தால், அந்த நுரையே நீரின் பாதையை வட்டம் வட்டமாக வரைந்து காட்டும். எந்தக் கல்லில் நீர் பிரிகிறது, எங்கே திரும்பி மேல்நோக்கி வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இது அன்றைய நீரைப் பற்றிய செய்தி இல்லையா?

இடத்தைப் பற்றி: எங்கள் ஹாமில்டன் நகர எல்லைக்குள் நயாகரா செங்குத்துப் பாறைச்சரிவு நெடுக நூற்றுக்கும் மேற்பட்ட அருவிகள் உள்ளன. டியூஸ் அருவியின் உயரம் 41 மீட்டர். பனி உருகும் வாரங்களில் அது முழக்கத்தோடு விழுகிறது. கோடை முற்றும்போது பாறையில் மெல்லிய இழையாக இறங்குகிறது. இந்த அருவிகள் நிறைந்திருக்கும் காலமே வசந்தம்தான். அந்தக் காலத்தில் ஒரே ஓடையின் ஒரே வளைவில் நின்றுகொண்டு இவற்றையெல்லாம் தவறவிட வேண்டும் என்று சொல்வது எனக்குக் கடினமான விதியாகத் தோன்றுகிறது.

குளிர்நீர் (கிங்ஸ்டன்) எழுதியது:

நான் ஏரிகளின் நீரியலைப் படிக்கிறவள். படக்கலையைப் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வசந்தத்தில் நீருக்கு என்ன நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் எதைப் படமெடுப்பது என்பது தெளிவாகும் என்பதால் எழுதுகிறேன்.

நன்னீர் 4 பாகை செல்சியசில்தான் மிகுந்த அடர்த்தியோடு இருக்கும். அதைவிடக் குளிர்ந்தாலும் சூடேறினாலும் இலேசாகும். ஆகவே குளிர்காலத்தில் பனிக்கட்டிக்குக் கீழே மிகக் குளிர்ந்த நீர் மேலேயும், 4 பாகை நீர் அடியிலும் கிடக்கும். வசந்தத்தில் மேற்பரப்பு சூடேறி 4 பாகையை எட்டும்போது ஏரி முழுவதும் ஒரே அடர்த்திக்கு வந்துவிடுகிறது. அப்போது அடிக்கும் காற்று அடிநீரையும் மேல்நீரையும் ஒன்றாகக் கலந்துவிட முடியும். சிறு ஏரிகளிலும் குளங்களிலும் இது பனிக்கட்டி அகன்ற சில நாள்களில் நடந்து முடியும்.

ஒன்டாரியோ ஏரியின் கதை வேறு. அதன் சராசரி ஆழம் 86 மீட்டர், மிகு ஆழம் 244 மீட்டர் என்பதால் அது முழுமையாக உறைவது மிக அரிது. சூடேறுவதும் அதே அளவுக்குத் தாமதமாகும். ஏப்ரலில் கரையோர ஆழமற்ற நீர் 4 பாகையைக் கடந்துவிடும். நடு ஏரி அதற்குக் கீழேயே இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலக்கும் நீர் சரியாக 4 பாகைக்கு வந்து, கனத்து, கீழே இறங்குகிறது. இந்த இறங்கும் நீர் கரையோர நீருக்கும் நடு ஏரி நீருக்கும் இடையே ஒரு தடுப்பாக நிற்கிறது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் கலங்கலும் உரச்சத்தும் எளிதில் உள்ளே போக முடியாமல் கரையோரமே தங்குகின்றன. நாள் செல்லச் செல்ல அந்தத் தடுப்பு நடு ஏரியை நோக்கி நகர்ந்து, ஜூன் மாதத்தில் மறைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் உயரமான கரையிலிருந்து ஏரியைத் தொடர்ந்து படமெடுக்கிறவருக்குக் கரையோரப் பழுப்பும் அப்பால் உள்ள நீலமும் நாளுக்கு நாள் இடம் மாறுவது பதிவாகும். ஒவ்வொரு நிற எல்லையும் இந்தத் தடுப்பால் வருவதன்று, காற்றும் ஆற்றுமுகமும் கூட நிறத்தை மாற்றும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெண்ணிழல் குறிப்பிட்ட நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கண்டதும் சாயக்கழிவு என்று பலர் பதறுகிறார்கள். மட்கிய இலைகளிலிருந்து கரையும் சேர்மங்கள் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் இயற்கையாகவே இத்தகைய நுரை உண்டாகும். வசந்தத்தில் இலைமட்கு முழுவதும் கழுவப்பட்டு வருவதால் அது மிகுதியாக இருக்கும். இயற்கை நுரை பெரும்பாலும் பழுப்பு கலந்து, மண்வாசனையோடு இருக்கும்.

ஒரே இடம் என்பதற்கு ஆதரவாக ஒரு முன்னோடியையும் நினைவூட்டலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் விவசாயியாக வாழ்ந்த வில்சன் பென்ட்லி, 1885இல் முதன்முதலாகப் பனிப்படிகம் ஒன்றை நுண்ணோக்கி வழியே படமெடுத்தார். 1931இல் இறப்பதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்துவிட்டார். அவர் காலைப் பனித்துளிகளையும் படமெடுத்தார். மழைத்துளிகளை மாவுத் தட்டில் விழவிட்டு, உருண்ட மாவுருண்டைகளை அளந்து துளிகளின் பருமனைக் கணித்தார். இவ்வளவுக்கும் அவருக்குத் தேவைப்பட்டது தன் பண்ணையும் அதன்மேல் விழுந்த வானமும் மட்டுமே.

ஓடைக்கரை எழுதியது:

தங்கை குளிர்நீருக்கு மிக்க நன்றி. 4 பாகைத் தடுப்பைப் பற்றிய விளக்கத்தைப் படித்தபின், மேட்டிலிருந்து ஏரியைத் தொடர்ந்து எடுக்க ஒருவராவது முன்வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெண்ணிழலின் நுரைச்சுழல் உதாரணம் மிகச் சரியானது. அதை மனமார ஏற்றுக்கொள்கிறேன். அங்கே நீண்ட நேரம் திறப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: அன்றைய நீர் செய்வதைக் காட்ட அதுவே வழி. நான் மறுப்பது காரணமில்லாத வழுவழுப்பை மட்டுமே. பனி உருகிப் பெருகும் நாளில் நீர் கல்லின்மேல் ஏறி வளைந்து விழும் இடத்தை எட்டில் ஒரு பங்கு செக்கனிலிருந்து முப்பதில் ஒரு பங்கு செக்கன் வரை வைத்து எடுத்துப் பாருங்கள். ஓட்டத்தின் திசை கோடுகளாகத் தெரியும். அதே வேளையில் நீரின் நிறமும் திரட்சியும் அழியாமல் இருக்கும். எவ்வளவு வேகம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல், கரையில் சிறிது நேரம் நின்று பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதோடு சேர்ந்த மற்றொரு விடயம், லென்சின் முன் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டர். நீரின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 பாகைக் கோணத்தில் அதன் வழியே பார்க்கும்போது பிரதிபலிப்பு ஏறத்தாழ முழுமையாக விலகி, அடியில் உள்ள கற்கள் தெரியும். மே மாதத்தில் நீர்ப்பூச்சி ஒன்று மேற்பரப்பில் நிற்கும்போது இதைச் செய்து பாருங்கள். அதன் கால்கள் நீரின் தோலை அழுத்துவதால் உண்டாகும் சிறு குழிவுகள் ஒளியை விலக்கிவிட, ஓடையின் அடியில் மெல்லிய கால்களின் நிழலுக்குப் பதிலாக, ஒளிவிளிம்புடைய கரிய வட்டங்கள் விழுந்திருப்பதைக் காணலாம். பிரதிபலிப்பை விலக்காமல் இந்தப் படம் கிடைப்பது கடினம். ஆனால் எந்நேரமும் பில்டரை மாட்டி வைத்திருப்பது நல்லதல்ல. ஏப்ரல் தொடக்கத்தில் மரங்களில் இலை இல்லாததால் ஓடைக்கு முழு வானமும் கிடைக்கிறது. மே மாத நடுவில் இலை விரிந்து மூடியதும் நீரின் நிறமே பச்சைக்கு மாறிவிடுகிறது. இந்த மாற்றம் பிரதிபலிப்பில்தான் இருக்கிறது. அதை விலக்கினால் அந்தப் பருவ மாற்றமே படத்தில் இராது.

இதே காரணத்துக்காக, ஒளிக்கேற்ப நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5500 கெல்வின் போன்ற ஒரே எண்ணில் நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தானியங்கி முறை ஒவ்வொரு நாளின் நிறத்தையும் சராசரியாக்கிவிடும். நிழலில் கிடக்கும் பனி நீலமாகத்தான் இருக்கும்; அது நீலமாகவே பதியட்டும்.

தவளைச்சத்தம் (மார்க்கம்) எழுதியது:

ஓடை, அருவி, ஏரி என்று பேசுகிறீர்கள். வசந்தத்துக்கு மட்டுமே உரிய நீர் ஒன்று இருக்கிறது; அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. காட்டின் தாழ்வான இடங்களில் உருகிய பனியும் முதல் மழையும் தேங்கி உண்டாகி, கோடை நடுவில் வற்றிப்போகும் தற்காலிகக் குட்டைகளைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் வற்றுவதால் அவற்றில் மீன் வாழ முடியாது. மீன் இல்லாததாலேயே காட்டுத்தவளைகளும், புள்ளிச் சலமாந்தர் என்னும் பல்லி போன்ற நீர்நில வாழ்வனவும் அங்கே முட்டையிட முடிகிறது. இங்கே காட்டுத்தவளை என்று நான் சொல்லும் பழுப்புத் தவளை, உடலிலுள்ள நீரில் பாதிக்கும் மேல் உறைந்த நிலையில் இலைச்சருகின் அடியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ் அதன் உயிரணுக்களைக் காக்கிறது. குட்டையின் ஒரு ஓரத்தில் பனிக்கட்டி மிதக்கும்போதே மறு ஓரத்தில் அவை கத்தத் தொடங்கிவிடும். தவளையின் தொண்டைப்பை அதிர, அதிலிருந்து சிற்றலை வட்டங்கள் விரிகின்ற படத்தை எடுக்க முடிந்தால், நீர், ஒலி, பருவம் மூன்றும் ஒரே சட்டத்தில் கிடைக்கும்.

இதைச் சொல்லும்போதே கடுமையாக வேண்டிக்கொள்ள வேண்டியவையும் உள்ளன. குட்டைக்குள் இறங்காதீர்கள், முட்டைத்திரள்கள் நீருக்கடியில் சுள்ளிகளில் ஒட்டியிருக்கும், கால் பட்டால் கலைந்துவிடும். ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்குச் செல்லுமுன் காலணியின் அடிப்பாகத்தைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். நீர்நில வாழ்வனவற்றைக் கொல்லும் பூஞ்சையும் நச்சுயிரியும் சேற்றோடு பயணம் செய்யக்கூடியவை. இரவில் வலுவான விளக்கை நீண்ட நேரம் பாய்ச்ச வேண்டாம். முக்கியமாக, படத்தோடு இருப்பிட ஆயத்தொலைவுகளை வெளியிட வேண்டாம். ஓடைக்கரை அவர்கள் இடத்தைக் குறிப்பில் எழுதச் சொன்னால், "யார்க் பகுதிக் காடு" என்ற அளவில் நிறுத்திக்கொள்ள இசைவு தர வேண்டும்.

ஓடைக்கரை எழுதியது:

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். குட்டைகளுக்கும், பறவைக்கூடு உள்ள நீர்நிலைகளுக்கும் இடத்தின் பெயர் தேவையில்லை. கோப்பில் பதியும் இருப்பிடத் தகவலையும் பதிவேற்றும் முன் நீக்கிவிட வேண்டும் என்பதை விதியாகவே சேர்த்துக்கொள்வோம்.

கண்மாய்க்கரை (இராமநாதபுரம்) எழுதியது:

ஐயா, எங்கள் ஊரில் உருகுவதற்குப் பனி இல்லை. பங்குனி பிறந்தால் கண்மாய் இறங்கத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் நடுப்பள்ளத்தில் மட்டும் நீர் கிடக்கும். பெருகும் நீரைப் பற்றிப் பேசும் இந்தத் திட்டத்தில் வற்றும் நீருக்கு இடம் உண்டா என்று கேட்க விரும்புகிறேன். இருக்குமானால், நான் மடைக்கல்லை மையமாக வைத்து எடுக்க எண்ணியுள்ளேன். நீர் நின்று நின்று இறங்கிய அடையாளம் அந்தக் கல்லில் வரிவரியாகப் படிந்திருக்கும். கரைச்சரிவிலும் அதே வரிகள் இருக்கும். மேல்வரிகளில் புல் முளைத்து, அடுத்தவற்றில் சேறு வெடித்து, கடைசி வரியில் கொக்கின் கால்தடம் ஈரமாக இருக்கும். ஒரு மாதத்து நீரை ஒரே படத்தில் வாசிக்கலாம். நீர் இன்னும் குறைந்ததும் ஊரார் கூடி மீன்பிடிக்கும் நாள் வரும். அன்று கண்மாயே கலங்கிச் சேறாகிவிடும். இடையில் ஒரு கோடை மழை பெய்தால் வெடிப்புகளில் முதலில் நீர் இறங்கும். வெடிப்பின் விளிம்பு உதிர்ந்து உள்ளே விழும். பிறகுதான் மேலே தேங்கும். இதையெல்லாம் படமாகப் பார்த்தவர்கள் குறைவு.

ஒரே இடத்தில் நிற்பதா என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் விடை எளிது. மடைக்கல் நகராது, நானும் நகரப் போவதில்லை.

வெண்ணிழல் எழுதியது:

கண்மாய்க்கரையின் பதிவைப் படித்த பிறகு, ஒரே இடம் என்ற பக்கத்துக்கு நான் முன்பைவிட நெருங்கிவிட்டேன். ஆனாலும் ஒரு நடுவழியை முன்வைக்கிறேன். வாரத்தில் ஆறு நாள்கள் அவரவர் தேர்ந்த இடத்திலும், ஒரு நாள் வெளியிலும் எடுக்கலாம். அருவிகள் நிறைந்து விழுவதும், போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்றில் மீன்கள் மேலேறுவதற்காக அமைத்த மீன்வழியில் ஏப்ரல் மாதம் வானவில் டிரவுட் மீன்கள் எதிர்நீச்சலிட்டுத் தாவுவதும் ஆண்டுக்கு ஒருமுறை வருபவை.

நாள் தவறினால் என்ன செய்வது என்பதையும் தெளிவாக்கிவிடுங்கள். இன்னொன்று: ஜிம் பிராண்டன்பர்க் என்ற படக்கலைஞர் 1994இல் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே இலையுதிர்காலச் சமநாள் தொடங்கிக் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரை, தொண்ணூறு நாள்கள், நாளுக்கு ஒரே ஒரு முறை மட்டும் ஷட்டரை அழுத்துவது என்ற உறுதியோடு ஃபிலிமில் படமெடுத்தார். பின்னாளில் வசந்தத்தின் 93 நாள்களையும் நாளுக்கொரு படமாகத் தொகுத்தார். ஒரே அழுத்தல் என்ற அந்த விதியை நாமும் எடுத்துக்கொள்ளலாமா?

ஓடைக்கரை எழுதியது:

ஆறும் ஒன்றும் என்ற ஏற்பாட்டை ஏற்கிறேன். அந்த ஒரு நாளை எதற்குச் செலவழிப்பது என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். கனராஸ்காவுக்குப் போகிறவர்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனுக்குக் குறையாத வேகத்தை வைத்து, மீன் தாவும் இடத்தில் முன்கூட்டியே குவியத்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மீனைக் கண்ட பிறகு குவிப்பதற்கு நேரம் இராது.

பிராண்டன்பர்க்கின் ஒழுக்கம் போற்றத்தக்கது. எனினும் ஒரே அழுத்தல் என்பதை நமக்கு விதியாக்க நான் விரும்பவில்லை. நீரின் விடயத்தில், அலையும் துளியும் ஒருமுறை போல மறுமுறை அமைவதில்லை என்பதால், பத்துப் பதினைந்து எடுத்து அவற்றுள் ஒன்றைத் தேர்வது அன்றைய நீரைப் பற்றிச் சிந்திக்கும் வேலையின் ஒரு பகுதியே. விரும்புகிறவர்கள் அந்த நோன்பைத் தாமாக ஏற்கலாம். நாள் தவறினால் அந்த நாள் வெறுமையாகவே இருக்கட்டும். முந்தைய நாளின் படத்தை அங்கே வைப்பதை மட்டும் ஏற்க முடியாது. ஏனெனில் வரிசையில் பார்க்கிறவர் அந்தப் படத்தை அன்றைய நீர் என்றே நம்புவார்.

மழைக்குடை (மிசிசாகா) எழுதியது:

வணக்கம். நான் புதியவள். என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது. முக்காலியும் பில்டரும் இல்லை. வேலைக்குப் போகுமுன் அரைமணி நேரம்தான் கிடைக்கும். நான் சேரலாமா? குளிரிலும் மழையிலும் கருவியை எப்படிக் காப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தவளைச்சத்தம் எழுதியது:

தாராளமாகச் சேருங்கள், அக்கா. காலை அரைமணி நேரம் உள்ளவருக்கு இலைத்துளிகளைவிட நல்ல பொருள் இல்லை. மே மாதத்தில் குளிர்ந்த இரவு கழிந்த காலையில், ஸ்ட்ராபெரி இலையின் விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு துளி, ஒரே அளவில், வரிசை தவறாமல் நிற்கும். அது காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்த பனி அன்று; வேர் உறிஞ்சிய நீரைச் செடியே விளிம்புத் துளைகள் வழியாக வெளியே தள்ளியது. உண்மையான பனித்துளிகள் இலைப்பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். இரண்டும் ஒரே இலையில் இருக்கும் நாளும் உண்டு. பெரிய துளிக்குள் பின்னணியிலுள்ள மரங்கள் தலைகீழாகத் தெரியும். குவியத்தைத் துளியின் விளிம்பில் வைக்காமல் அந்தத் தலைகீழ் உருவத்தில் வைத்தால் படம் உயிர்பெறும். கைபேசியின் அண்மைப் படமுறை இதற்குப் போதும்; உங்கள் நிழல் துளியில் விழாமல் பக்கவாட்டிலிருந்து எடுங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

மழைக்குடை சகோதரிக்கு என் பங்குக்கும் சில குறிப்புகள். குளிரில் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும். மேலதிக மின்கலத்தையோ கைபேசியையோ உட்சட்டைப் பையில் உடல் சூட்டில் வைத்திருங்கள். வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் வருமுன், கமராவைக் காற்றுப் புகாத பொலித்தீன் பைக்குள் இட்டு மூடி, அறைச்சூட்டுக்கு வரும் வரை திறக்காமல் விடுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும், கண்ணாடிக்குள் படியாது. மழையில் ஒரு சிறு துவாயும் லென்ஸ் மறைப்பும் போதும்.

பாதுகாப்பைப் பற்றி இதைவிட அழுத்தமாக எழுத வேண்டும். ரொறன்ரோ பிராந்தியத்தின் நீர்நிலைப் பாதுகாப்பு ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் பனி உருகும் காலத்தில் ஆற்றங்கரைகளை விட்டு விலகியிருக்கும்படி அறிவிப்பு வெளியிடுகிறது. ஹைலண்ட் கிரீக் போன்ற நகர ஓடைகளுக்குத் தார்ச்சாலைகளிலும் கூரைகளிலும் விழும் நீர் நேராக வந்து சேர்வதால், மழை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அவற்றின் மட்டம் உயர்ந்துவிடும். நான் முதலில் சொன்ன தாழ்வாரப் பனிக்கட்டியின்மேல் ஒருபோதும் ஏறி நிற்காதீர்கள். அதன் அடியில் ஒன்றும் இல்லை. ஸ்காபரோ பிளஃப்ஸ் சில இடங்களில் 90 மீற்றர் உயரமுடைய மணலும் களியும்தான். உறைந்தும் உருகியும் இளகிய அதன் விளிம்பு வசந்தத்தில் சொல்லாமல் இடிந்து விழும். ஏரியை அங்கிருந்து எடுக்கிறவர்கள் வேலிக்கு உட்புறம் நின்றே எடுக்க வேண்டும். 2017, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வசந்தத்திலும் ஏரிமட்டம் உயர்ந்து ரொறன்ரோ தீவுகளுக்குள் நீர் புகுந்தது; அத்தகைய ஆண்டில் படத்துக்காக மூடப்பட்ட கரைக்குள் நுழைய வேண்டாம்.

குளிர்நீர் எழுதியது:

ஒரு கடைசிக் கேள்வி. சுகர் மேப்பிள் மரத்தில் துளையிட்டு வாளி மாட்டியிருப்பார்களே, அதில் சொட்டும் சாறு பெரும்பாலும் நீர்தான்; சிரப் என்னும் இனிப்புப் பாகு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டியிருப்பதே அதற்குச் சான்று. இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலும் வெப்பம் மாறி மாறி வரும் நாள்களில்தான் அது சுரக்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நீர் இல்லை. ஏற்பீர்களா?

ஓடைக்கரை எழுதியது:

மரத்திலிருந்து குழாய்முனைக்கு வந்து வாளியில் விழும் வரை அது நமக்கு நீர். காய்ச்சத் தொடங்கிய பின் இல்லை. மொட்டுகள் விரியத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டு வாளிகளைக் கழற்றிவிடுவார்கள் என்பதால், தெற்கு ஒன்ராறியோவில் மார்ச் 20க்குப் பிறகு அதற்கு அதிக நாள்கள் கிடைப்பதில்லை. எடுக்க விரும்புகிறவர்கள் முதல் வாரத்தின் வெளிநாளை அதற்கு ஒதுக்கி, இரவு உறைந்து காலை வெயில் எறிக்கும் நாளாகப் பார்த்துத் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டுச் செல்லுங்கள். பெயர் தருகிறவர்கள் தாம் தேர்ந்த இடத்தையும், எந்த நேரத்தில் எடுப்பார்கள் என்பதையும் இதன் கீழே எழுதிவிடவும். ஏரியை மேட்டிலிருந்து எடுக்க இன்னும் யாரும் முன்வரவில்லை.

மழைக்குடை எழுதியது:

காலை ஆறரை முதல் ஏழு மணி வரை, கிரெடிட் ஆற்றின் கரை. ஏப்ரல் வரை ஆறு, மே பிறந்தால் அதே கரையின் இலைகள். பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெண்ணிழல் எழுதியது:

எனக்கு ஸ்பென்சர் கிரீக், மாலை நேரம். நுரைச்சுழல் உள்ள ஒரே வளைவு, வெளிநாளுக்கு அருவிகள். ஏரிக்கு ஆள் கிடைக்காவிட்டால், வேலிக்கு உட்புறம் நின்று என் வெளிநாள்களில் இரண்டை ஒன்டாரியோவுக்குத் தருகிறேன்.